டேவிட்ராஜ் நினைவாக

மில் வாசலில் ஸ்கூட்டர் நின்ற பிறகும் அமுதா டீச்சருக்கு இறங்கக் கால் வரவில்லை. ஓட்டிவந்த மகள் ஜெசி, "எறங்கும்மா, வெயில் மண்டைய பொளக்குது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள். அமுதா பையைத் திறந்து நோட்டீஸின் மாதிரிப் படி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நானூறு பெண்பிள்ளைகளை ஒரே விசிலில் வரிசையாக நிறுத்துகிற விளையாட்டு டீச்சர், ஒரு அரிசி மில்லின் கேட்டைப் பார்த்து இப்படி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரேன்மா. நோட்டீஸ நான் படிச்சிக் காட்றேன்."

"வேணாம். நீ இங்கியே இரு. உள்ள வராத."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஜெசி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனை எடுத்தாள். காலேஜில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மாவின் கோபத்தை எல்லாம் வயசுக் கோளாறு என்று ஒதுக்கிவிடும் பக்குவம் வந்திருந்தது. அவளை உள்ளே கூட்டிப்போக அமுதா பயந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. போகிற இடமெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஜெசியின் காதில் விழக் கூடாது.

பத்து நாளாக அமுதா ஆரணியில் பட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பிரின்ஸைப் போல நடை தடுமாறும் நோய் வந்தவர்களுக்காக, அவளுடைய பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு விளையாட்டு விழா. வேலூர் டாக்டர் கொடுத்த பட்டியலில் சுற்றுவட்டாரத்தில் மட்டும் நாற்பத்தாறு குடும்பம் இருந்தது. சக்கர நாற்காலி ஓட்டம், உட்கார்ந்தபடி பந்து எறிதல், இருபது மீட்டர் நடை. அதில் சேரும் பணத்தில் சர்ச் வளாகத்து அறை ஒன்றில் இரண்டு பக்கமும் கம்பி பதித்து, நடைப்பயிற்சிக்கு ஆள் வைப்பதாகத் திட்டம். பிரின்ஸ் இருபது மீட்டர் நடைக்குப் பெயர் கொடுத்திருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து தெருக்குழாய் வரைக்கும் தினம் சாயங்காலம் நடந்து பழகினான். நாற்பத்து மூன்று வயதில் ஒட்டுப்பட்டை வைத்த புது ஷூ வாங்கித் தரச் சொல்லிக் கேட்டான். போளூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று பயணிகள் எழுதிப்போட்டதில் வேலையை இழந்து, நாலு வருஷமாக மனுஷர் முகத்தையே பார்க்காமல் கிடந்தவன். அவன் ஒன்று வேண்டும் என்று கேட்டதே அமுதாவுக்கு அதிசயமாக இருந்தது.

பட்டுக் கடைக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், டீ வரவழைத்தார்கள், நோட்டீஸைப் படித்து உச்சுக்கொட்டினார்கள். கடையின் பெயரைப் போடலாமா என்றதும் முகம் மாறிவிடும். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர்" என்றார் குப்புராஜ். ஊரில் பெரிய கடை அவருடையது. "எங்கிட்ட வர்றவங்க முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றாங்க. பேனர்ல ஒரு பக்கம் வியாதி பேரு, இன்னொரு பக்கம் என் கடை பேருன்னு போட்டுட்டா, பொண்ணு வூட்டுக்காரங்க கண்ணுல அது பட்டா இன்னா நெனப்பாங்க? பேரு போடாதீங்க, என்னால முடிஞ்சத தரேன்." கல்லாவைத் திறந்தபடியே, சும்மா கேட்பதுபோல, "இது பரம்பரையா வர்றதா டீச்சர்?" என்றும் கேட்டார்.

"இல்லீங்க. அப்படியெல்லாம் இல்ல."

பதினோரு கடைகளில் அந்தப் பொய்யைச் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது கடைக்குள் அது பழகிப்போய், கேட்கிறதுக்கு முன்னாலேயே தானாக வாயில் வந்து நின்றது. நோட்டீஸிலும் அவள் நோயின் பெயரைப் போடவில்லை. 'நடை தடுமாறும் நரம்பு நோய்' என்று மட்டும் எழுதினாள். பெயரைப் போட்டால் யாராவது போனில் தட்டிப் பார்ப்பார்கள். முதலில் தட்டிப் பார்ப்பவள் ஜெசியாகத்தான் இருப்பாள். பிரின்ஸின் ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவில் பூட்டி இருந்தது.

பெயர் போடாமல் வந்த பணம் மெடலுக்கும் தண்ணீருக்கும் சரியாகப் போயிற்று. பந்தலும் முந்நூறு பேர் சாப்பாடும் மிச்சம். அந்த இரண்டும் உறுதியாகாமல் நோட்டீஸ் அச்சுக்குப் போகக் கூடாது, நோயாளிகளை வெயிலில் உட்காரவைக்க முடியாது, நாளை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் விழாவை நிறுத்திவிடலாம் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டார். ஊரில் கேட்காமல் விட்ட இடம் ஒன்றுதான் பாக்கி. அருணாச்சலம் முதலாளியின் அரிசி மில். அமுதாவின் அப்பா டேவிட்ராஜ் பதினேழு வருஷம் வேலை செய்த மில். குடிகாரன் என்று வெளியே அனுப்பப்பட்ட மில்.

கேட்டைத் தாண்டினால் நேரே களம்தான். டிரையர் மெஷின் வந்த பிறகும் முதலாளி பாதி நெல்லை வெயிலில்தான் காயவைப்பார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவித்த நெல்லைச் சிமென்ட் தரை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். நாலு பெண்கள் அதற்குள் காலை அழுத்தி இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள். அப்படி நடந்தால் பின்னால் உழவு சால் மாதிரி ஒரு கோடு விழும். அடி நெல் மேலே வரும், மேல் நெல் அடியில் போகும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சால் நேராக விழ வேண்டும். கோணினால் இடையில் புரளாத நெல் நின்று, ஈரம் போகாமல், அரைக்கும்போது நொய்யாகிவிடும். அதனால் களத்து வேலையில் ஆளின் கெட்டிக்காரத்தனம் சாலில் தெரிந்துவிடும். அப்பாவின் சால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று அம்மா அந்தோணியம்மாளே ஒருகாலத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

களத்தின் ஓரமாக நடந்தவளை ஒரு கிழவி நிறுத்தினாள். "டேவிட்டு பொண்ணுதான? மொகம் அச்சா அவன்தான். நான் ராஜம்மா, உங்கப்பனோட வேல செஞ்சவ." அமுதா தலையை ஆட்டிவிட்டு வேகமாக நகர்ந்தாள். முகம் அச்சாக அவன்தான் என்றது கூடவே வந்தது. இரண்டு வருஷமாக அவளுக்குப் பயமெல்லாம் அதில்தான் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலூர் ஆஸ்பத்திரியில், இளம் டாக்டர் பெண் ஒருத்தி பிரின்ஸை ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள். அவன் மூன்றாவது அடியில் சாய்ந்தான். பிறகு அவள் ஒரு காகிதத்தில் கட்டமும் வட்டமும் போட்டு வம்சத்தை வரைய ஆரம்பித்தாள். அப்பா எப்படி நடப்பார் என்று கேட்டாள். "குடிச்சிட்டு ஆடி ஆடி வருவாருங்க" என்றாள் அமுதா. "நீங்க அவர் குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் டாக்டர். அமுதா யோசித்தாள். பாட்டில் பார்த்ததில்லை. கடையில் நின்று பார்த்ததில்லை. வாசனை வந்ததாகவும் யாரும் சொன்னதில்லை. வாசனை தெரியாத சரக்கு ஏதோ குடிக்கிறான் என்று ஊர் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது, வீட்டிலும் அதை நம்பினார்கள். டாக்டர் அப்பாவின் கட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கினாள். பிள்ளைகளுக்கு வர ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாள். அவளுடைய பேனா அமுதாவின் வட்டத்துக்கு மேல் வந்து நின்றது. அதற்குக் கீழே ஜெசியின் வட்டம் இருந்தது. ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும் என்றாள். அமுதா அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான், இன்றுவரை போகவில்லை.

போகாமல் இருந்ததில் நிம்மதி கிடைத்தது என்றும் சொல்ல முடியாது. டம்ளர் கை நழுவினால் போச்சு. படியில் கால் ஒன்று பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது. கணவன் தூங்கிய பிறகு, டாக்டர் பிரின்ஸைச் செய்யச் சொன்ன மாதிரி, விரலால் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஜெசி எப்போதாவது தடுக்கினால் "பாத்து நடடி" என்று அடித்தொண்டையில் கத்துவாள். பயம் அவளுடைய வீட்டில் இன்னொரு ஆளாகத் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அருணாச்சலம் முதலாளிக்கு எழுபத்தைந்து இருக்கும். ஜன்னலை ஒட்டி மேஜை. உட்கார்ந்த இடத்திலிருந்தே களம் முழுக்கத் தெரியும். நெல்லில் விழுந்த சாலைப் பார்த்தே களத்தில் யார் இறங்கினார்கள் என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அமுதா கும்பிட்டாள். அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காரும்மா. டேவிட்டு பொண்ணுன்னு தெரியும். இஸ்கூல்ல டீச்சராக்கீற, அதுவும் தெரியும்."

நோட்டீஸை இரண்டு முறை படித்தார். "நட தடுமாறும் நரம்பு நோயின்னு போட்டுக்கீற. அந்த நோவுக்குப் பேரு இல்லியா?"

"இருக்குதுங்கய்யா. பெரிய பேரு, ஜனங்களுக்குப் புரியாதுன்னு வுட்டுட்டேன்."

"உங்கண்ணன போளூர் பஸ்ல பாத்துக்கிறேன். டிக்கெட்டு கிழிக்கிறப்பவே ஆடுவான். அப்பனும் குடி, புள்ளயும் குடின்னு நெனச்சிகினேன். இப்ப நீ வந்து வியாதின்ற."

"அண்ணன் குடிக்க மாட்டாருங்க. வேலூர்ல பெரிய டாக்டருங்க எழுதிக் குடுத்திருக்காங்க."

"சரி. அவன் குடிக்கல." முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்கப்பன்?"

பதினோரு கடைகளில் கேட்டதெல்லாம் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆமாங்க, அப்பா குடிப்பாருங்க என்று சொன்னால் போதும். நோய் அண்ணனோடு நின்றுவிடும், அவளுக்கும் ஜெசிக்கும் அதிலிருந்து ஒரு கோடும் நீளாது. நஷ்டம் அப்பாவுக்கு மட்டும்தான். வாய்க்காலில் விழுந்து செத்து இருபத்தாறு வருஷம் ஆனவர். செத்தவருக்கு இனிமேல் என்ன மானம், என்ன மரியாதை. முப்பது வருஷத்துப் பழி இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகட்டுமே. அமுதா வாயைத் திறந்தாள். வெளியே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பா குடிக்கலீங்க" என்றாள். "அப்பாவுக்கும் இதான்."

"அப்ப ரத்தத்துல வர்தா?"

"வரும்ங்க."

சொன்னதும் பையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வார்த்தையைக் கணவனிடம்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதன்முதலாகச் சொன்னது அப்பாவை வெளியே அனுப்பிய ஆளிடம்.

முதலாளி கதவைக் காட்டினார். "அங்கதான் நின்னான். சாலு கோணுது, நீ தண்ணி போட்டுகினு எறங்கற, நாளைலேந்து வராதன்னேன். மொதலாளி, கிட்ட வந்து ஊதிக் காட்றேன், மோந்து பாருங்கன்னான். கிட்ட வராத, அங்கியே நில்லுன்னேன். இங்கேருந்து அங்க ஒம்போது அடி இருக்குமா? அந்த ஒம்போது அடிய நான் வுடல. அந்தக் காலம் அப்படி. உங்க தெரு ஆளுங்கள யாரையும் வாசப்படி தாண்ட வுட்டதில்ல."

அவள் இப்போது உட்கார்ந்திருந்தது அந்த வாசற்படிக்கு உள்ளேதான். முதலாளிக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அமுதாவுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அப்பா வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தார். அவளுக்கு எட்டு வயது. பாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "கண்ணு, நீயாச்சும் மோந்து பாரு, ஊதறேன்" என்றார். அவள் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அம்மா அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அவர் ஒருமுறை ஊதினார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். முதலாளியாவது ஒன்பது அடி தள்ளி நின்றார். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அப்பா, அப்பா என்று மனசுக்குள் இரண்டு முறை கூப்பிட்டாள்.

"அரிசி எத்தினி மூட்ட வேணும்னாலும் எடுத்துக்கோ. சமையல் ஆளும் என் பொறுப்பு, பந்தலும் என் பொறுப்பு" என்றார் முதலாளி. அமுதா எழுந்து கும்பிடப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒண்ணு. எம்மில்லு பேரு எங்கியும் வேணாம். பேனர்லயும் நோட்டீஸ்லயும் மேலாக்க பெருசா, 'டேவிட்ராஜ் நினைவாக'ன்னு போடு. அவனுக்கும் இந்த நோவுதான், குடியில்லன்னு கீழ ஒரு வரி எழுது. ஊரு படிக்கட்டும். அப்பிடின்னாதான் நான் தருவேன்."

பட்டுக் கடைக்காரர்கள் பெயர் வேண்டாம் என்றதற்கு அவள் எத்தனையோ வருத்தப்பட்டிருக்கிறாள். இப்போது ஒருவர் பெயர் போடு என்கிறார், அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. அடுத்து யார் என்று கணக்குப் போட ஆரணியில் யாருக்கும் டாக்டர் படிப்பு தேவையில்லை. பெரியவர் தன் மனசுக்கு ஒரு பாரத்தை இறக்கிவைக்கப் பார்க்கிறார். அதை எங்கே இறக்குகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றால் நாளையோடு விழா நின்றுவிடும், பிரின்ஸின் புது ஷூ பெட்டியிலேயே கிடக்கும்.

"ஐயா, அது மட்டும் வேணாங்க. வேற எது சொன்னாலும் செய்யறேன்."

"ஏம்மா? பெத்த அப்பனுக்குப் பழி நீங்கறது பிடிக்கலியா?"

"பிடிக்குதுங்க. ஆனா எனக்கு..." கண் தானாக ஜன்னல் பக்கம் போயிற்று. அவள் பார்வை போன திக்கில் முதலாளியும் திரும்பினார்.

ஜெசி களத்தில் இருந்தாள். வெயிலுக்கு நிழல் தேடி உள்ளே வந்திருப்பாள். ராஜம்மாள் பேச்சுக் கொடுத்திருப்பாள். செருப்பைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டு, சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நெல்லுக்குள் காலை அழுத்தி இழுத்து நடந்துகொண்டிருந்தாள். சூடு பொறுக்காமல் ஒவ்வொரு அடிக்கும் ஆ ஊ என்று கத்தினாள். களத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்கள். பாதி தூரம் போயிருந்தாள். அமுதா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். வெளிய வாடி என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் ஏன் என்று கேட்பாள்.

"உம்பொண்ணா?"

"ஆமாங்க."

"இந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"உனக்கு?"

"டெஸ்ட் எடுக்கலீங்க. பயமா இருக்குதுங்க."

முதலாளி மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்தார். வேட்டி நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்தார், மறு பக்கத்தைத் துடைத்தார். போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி இருந்தார். "புதுசா எறங்கறவங்களுக்குக் கோணத்தான் செய்யும்" என்றார். "எல்லாருக்கும் அப்பிடித்தான். நான் எத்தினி பேரப் பாத்துக்கிறேன்."

ஜெசி அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டு திரும்பினாள். ஜன்னலில் அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அம்மா! இங்க பாரேன்! நேரா வந்துக்குதா?"

களத்துப் பெண்கள் நாலு பேரும் பதிலுக்காக ஜன்னலைப் பார்த்தார்கள். அமுதா மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை ஒரு அடி கீழே இறக்க அவளால் முடியவில்லை. ஜெசி நின்ற இடத்திலிருந்து ஜன்னல்வரைக்கும், புதிதாகப் புரண்ட நெல்லிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.